கிளுவை வேலிக்குள் ஒரு பால்பண்ணை

காலடிப்பேட்டை,
மார்கழி மாதம்.

அன்புள்ள செல்வி,

போன வாரம் நீ கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்லாமல் உன்னை அனுப்பிவிட்டேன். "எங்க வீட்ல நாட்டு மாடுதான் சார். ஊசி போடறதில்ல, பால்ல தண்ணி கலக்கறதில்ல. அப்போ எங்க பால் ஆர்கானிக் பால்தானே?" என்று கேட்டாய். ஆமாம் என்று சொன்னால் அது பொய். இல்லை என்று ஒரே சொல்லில் முடித்தால், விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து கறக்கிற உன் அப்பாவின் உழைப்பைக் குறை சொன்னதாக ஆகிவிடும். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் எனக்குக் கோபம் வரவழைக்கிற ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டு வாசலில் யாரோ ஒரு விளம்பரத் தாளைச் செருகிவிட்டுப் போயிருந்தார்கள். 'ஏ2 பால், ஆகவே ஆர்கானிக்' என்று அதில் அச்சடித்திருந்தது. அந்த 'ஆகவே' எங்கிருந்து வந்தது? ஏ1, ஏ2 என்பது பாலில் உள்ள பீட்டா கேசின் என்ற புரதத்தின் 67வது இடத்தில் எந்த அமினோ அமிலம் இருக்கிறது என்ற கணக்கு. அங்கே புரோலின் இருந்தால் ஏ2, ஹிஸ்டிடின் இருந்தால் ஏ1. அது பிறப்பில் வருவது. நம் நாட்டு மாடுகளில் பெரும்பாலானவையும் எருமைகளும் ஏ2 தான். நெடுஞ்சாலையில் சுவரொட்டியைக் கிழித்துத் தின்கிற நாட்டுப் பசுவும் ஏ2 பால்தான் கறக்கும். அதை ஆர்கானிக் என்பாயா? 2024 ஆகஸ்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் இந்த ஏ1, ஏ2 வாசகங்களை உறைகளிலிருந்து எடுக்கச் சொன்னது. சில நாளிலேயே அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. சட்டம் எப்படிப் போனாலும், விளம்பரத்தைப் படிக்கிறவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

'ஊசி போடறதில்ல' என்று பெருமையாகச் சொன்னாயே, அதையும் மாற்றிக்கொள். பால் இறங்குவதற்காகப் போடும் ஆக்சிடோசின் ஊசியைச் சொன்னாய் என்றால் சரி. கோமாரித் தடுப்பூசியையும் சேர்த்துச் சொன்னாய் என்றால் அது பெரிய தவறு. இயற்கைமுறைக் கால்நடை வளர்ப்பு விதிகள் தடுப்பூசியை மறுக்கவில்லை. நோய் வந்த மாட்டுக்கு வைத்தியம் பார்க்காமல் விடுவதைத்தான் மறுக்கின்றன. மருந்து கொடுத்தால் குறிப்பிட்ட நாள்வரை அந்தப் பாலை விற்கக் கூடாது, அவ்வளவுதான்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். உங்கள் மாட்டுக்கு வைக்கோல் எங்கிருந்து வருகிறது? பொன்னேரி பக்கத்து வயலிலிருந்து என்று வைத்துக்கொள்வோம். அந்த வயலில் என்ன உரம் போட்டார்கள், என்ன மருந்து தெளித்தார்கள் என்று உன் அப்பாவுக்குத் தெரியுமா? அடுத்து, மாடு நாளொன்றுக்குப் பத்து கிலோவுக்குக் குறையாமல் போடுகிற சாணி எங்கே போகிறது? நம் தெருவில் பாதி வறட்டியாகிறது, மீதி கால்வாய்க்குப் போகிறது. புல் ஒரு நிலத்தில் விளைந்து, சாணி இன்னொரு இடத்தில் சாக்கடையாகிறது. போன சத்து புல் விளைந்த மண்ணுக்குத் திரும்புவதே இல்லை. உங்கள் பாலில் குற்றம் இல்லை, செல்வி. உங்கள் மாட்டுக்கு நிலம் இல்லை.

இது உங்கள் தெருவோடு நிற்கிற கதை இல்லை. கவர்னர் ஜோசப் காலட் நெசவாளர்களைக் குடியமர்த்திய காலத்தில் இந்தப் பேட்டையைச் சுற்றி வெளி இருந்தது. பிறகு துறைமுகமும் ஆலைகளும் வந்தன. மாடுகள் மட்டும் சந்துக்குள் தங்கிவிட்டன. நகரத்து மாடுகளை ஓரிடத்தில் சேர்க்கத்தான் மாதவரத்தில் பால்பண்ணை அமைத்தார்கள். இன்று கால்நடைப் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் இருக்கிற இடமும், பேருந்துப் பலகையில் நீ பார்க்கிற 'மாதவரம் பால்பண்ணை'யும் அதுதான். மாட்டுக்கு இடம் கொடுத்தார்கள், சரி. ஆனால் இடம் என்பது வேறு, மாட்டைக் காப்பாற்றுகிற நிலம் என்பது வேறு.

அப்படிப்பட்ட நிலத்தைப் பார்க்க வேண்டும் என்றால் காங்கேயம் போ. அங்கே அதற்குக் கொறங்காடு என்று பேர். திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களின் வறண்ட செம்மண், சரளை மண். மழையும் குறைவு, அதில் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையில் வந்து போய்விடும். மற்ற இடமாக இருந்தால் தரிசு என்று எழுதிவிட்டுப் போவார்கள். அந்த ஊர்க்காரர்கள் அதில் கொழுக்கட்டைப் புல்லை நிலைநிறுத்தினார்கள். நடுநடுவே வெள்வேல் மரம். சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி. கிளுவைக் குச்சியை வெட்டி வரிசையாக நட்டால் துளிர்த்துவிடும். பிறகு தலைமுறைக்கும் நிற்கும். ஒரு குடும்பத்தின் காடு இப்படிச் சில துண்டுகளாகப் பிரிந்திருக்கும். ஒரு துண்டில் மாடு மேயும்போது மற்றவை ஓய்ந்து கிடக்கும். மேய்ப்பதற்கு ஆள் கூட வேண்டாம், படலைச் சாத்திவிட்டு வந்துவிடலாம். கோடையில் புல் நின்றபடியே காய்ந்து உலர்தீவனம் ஆகும். அப்போது வெள்வேல் நெற்று உதிரும். அதைத் தின்ற ஆடு மாடுகளின் புழுக்கையிலும் சாணியிலும் விதை போய் எங்கெங்கோ முளைக்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உழுது சோளமோ கொள்ளோ விதைத்தால் புல் புதுப்பித்துக்கொள்ளும். யூரியா மூட்டைக்கு அங்கே வேலையே இல்லை. சாணி விழுந்த இடத்திலேயே கிடக்கிறது.

நான் பல காலமாக ஒரு கருத்து வைத்திருக்கிறேன். கொஞ்சம் பொறுமையாகக் கேள். காங்கேயம் மாட்டை உருவாக்கியது அந்த வேலிதான். ஊர்ப் பொதுப் புறம்போக்கில் எல்லா மாடும் கலந்து மேய்கிற இடத்தில் எந்தக் காளை எந்தப் பசுவைச் சேர்ந்தது என்று யார் கண்டார்கள்? நல்ல பொலிகாளை வைத்திருக்கிறவனுக்கும் நோஞ்சான் காளையின் கன்றுதான் கிடைக்கும். கொறங்காடு தனியார் நிலம். கிளுவை வேலி பக்கத்துக் காளையை உள்ளே விடாது. எந்தக் காளையை வைத்துக்கொள்வது, எதை விற்பது என்று குடும்பம் முடிவு செய்யலாம். அந்த முடிவைத் தலைமுறை தலைமுறையாக ஒரே திசையில் எடுத்தால் ஓர் இனம் உருவாகும். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் செய்தது அதைத்தான். இந்த இனத்தைச் செம்மைப்படுத்தியவர்களில் முதலில் நிற்கிற பெயர் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார். 1936ல் லிட்டில்வுட் என்பவர் தென்னிந்தியக் கால்நடைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பழைய புத்தகக் கடையில் அது கிடைத்த நாள் எனக்கு நல்ல நாள். ஆனால் மாட்டு இனங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் கொம்பையும் திமிலையும் அளக்கிறார்கள். வேலியை யாரும் அளப்பதில்லை. இது எனக்கு ஆறாத குறை.

வேலி என்றதும் ஆல்பர்ட் ஹோவர்டு நினைவுக்கு வருகிறார். 1905ல் பிகாரின் பூசாவுக்கு வந்த ஆங்கில விஞ்ஞானி, பிறகு இந்தூரில் மட்கு உரமுறையை உருவாக்கியவர். 1940ல் வெளிவந்த அவருடைய வேளாண்மை நூலில் ஒரு செய்தி உண்டு. பூசாவில் அவருடைய காளைகளுக்கும் பண்ணையின் பெரிய தொழுவத்துக்கும் நடுவே தாழ்வான ஒரு வேலிதான் இருந்தது. கோமாரி வந்த மாடுகளோடு தன் காளைகள் மூக்கை உரசிக்கொண்டு நின்றதைப் பலமுறை பார்த்தாராம். அவற்றுக்கு நோய் வரவில்லை. வளமான மண்ணில் விளைந்த தீவனம்தான் காரணம் என்பது அவருடைய முடிவு. எனக்கு அவர்மேல் பெரிய மதிப்பு உண்டு. ஆனால் சில காளைகளை வைத்து இவ்வளவு பெரிய முடிவுக்கு வரக் கூடாது. இதைப் படித்துவிட்டு உன் அப்பாவிடம் போய்த் தடுப்பூசி வேண்டாம் என்று சொல்லிவைக்காதே. மண்ணிலிருந்து தொடங்கி மாட்டைப் பார் என்று அவர் சொன்னதை மட்டும் எடுத்துக்கொள்.

இப்போது விளம்பரக்காரர்கள் சொல்லாத ஒன்று. காங்கேயம் கறவை இனம் இல்லை, உழைப்பு இனம். நாளுக்கு இரண்டு மூன்று லிட்டர் கறந்தால் அது நல்ல பசு. அதிலும் கன்றுக்குப் பங்கு உண்டு. அப்படியானால் அந்தக் குடும்பங்கள் எப்படிப் பிழைத்தன? காளைக்கன்று விற்ற பணம், ஏர்மாட்டு வருமானம், அதே காட்டில் மேய்கிற செம்மறி, பெரிய செலவு வந்தால் வெட்டி விற்கிற வெள்வேல் மரம். பால் கடைசியில்தான் வரும். வீட்டுக்கு மோரும் நெய்யும் போக மிஞ்சினால் விற்பனை. மடியை மட்டும் நம்பாத பண்ணை என்பதால்தான் அது வறட்சியிலும் நின்றது. டிராக்டர் வந்து காளையின் வேலையைப் பறித்தபோது அந்தக் கணக்கு உடைந்தது. நிலத்துக்கு மனை விலை வந்ததும் வேலிகள் விழத் தொடங்கின. குட்டப்பாளையத்தில் கார்த்திகேய சிவசேனாபதி நடத்துகிற சேனாபதி காங்கேயம் கால்நடை ஆராய்ச்சி மையம் மாட்டையும் கொறங்காட்டையும் சேர்த்தே காக்க வேண்டும் என்கிறது. சரியான பேச்சு. காட்டை விட்டுவிட்டு மாட்டை மட்டும் காப்பாற்ற முடியாது.

நீ என்ன செய்யலாம் என்று கேட்பாய். ஆர்கானிக் முத்திரை வேண்டும் என்றால் விதி கண்டிப்பானது. மருந்து தெளித்த நிலம், பருவப் பயிர் என்றால் இரண்டு ஆண்டு, மரப்பயிர் என்றால் மூன்று ஆண்டு, ரசாயனம் இல்லாமல் இருந்தாக வேண்டும். தீவனமும் அப்படிப்பட்ட நிலத்திலிருந்து வர வேண்டும். அனல்மின் நிலையச் சாம்பல் படிகிற எண்ணூர்ப் பக்கத்தில் புல் வளர்த்துக் காட்டலாம் என்று கனவு காணாதே. ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்கு மேல் போகாத சிறு உற்பத்தியாளர், சான்று இல்லாமலே வாடிக்கையாளருக்கு நேராக விற்கலாம் என்று சட்டத்தில் சலுகை உண்டு. ஆனால் அது முறைப்படி விளைவிக்கிறவருக்கான சலுகை, பேரை மட்டும் ஒட்டிக்கொள்கிறவருக்கு இல்லை. ஆகையால் உங்கள் வண்டியில் 'ஆர்கானிக்' என்று எழுத வேண்டாம். 'கலப்படம் இல்லாத நாட்டுப் பசும்பால், இன்று காலை கறந்தது' என்று எழுது. அது முழு உண்மை, வாங்குகிறவர்களுக்கும் அது போதும்.

அதோடு வைக்கோல் கொண்டு வருகிற வண்டிக்காரரிடம் பேசிப் பார். திரும்பிப் போகும்போது வண்டி காலியாகத்தான் போகிறது. சாணியைக் காயவைத்து மூட்டை கட்டி, வைக்கோல் வந்த வயலுக்கே அனுப்ப முடியுமா, வண்டிக்கு என்ன கேட்பார், அந்த விவசாயி என்ன விலை கொடுப்பார் என்று விசாரித்து எனக்கு எழுது. கணக்கைச் சேர்ந்து போட்டுப் பார்ப்போம். காங்கேயம் போவதாக இருந்தால் தை பிறந்ததும் போ, புல் இன்னும் பச்சையாக இருக்கும். சித்திரையில் போனால் கண்ணபுரம் மாட்டுச் சந்தையைப் பார்க்கலாம். உன் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போ.

அன்புடன்,
உன் விலங்கியல் ஆசிரியர்