மகனா, மகன்களா?



கல்வி உதவி கேட்டு ஒரு தாய் ஆங்கிலத்தில் மனு கொடுத்திருந்தார். அதில் "மை சன்’ஸ் ஸ்கூல் ஃபீஸ்" என்று இருந்தது. ஒரு மகன் என்று எண்ணி, ஒருவருக்கான தொகையை மட்டும் குறித்துவிட்டோம். அவருக்கோ இரண்டு மகன்கள்! நேரில் கேட்காதது எங்கள் தவறுதான், பிறகு சரிசெய்தோம். இப்படிக் குழப்பம் வந்தது, எழுத்தின் தலைமாட்டில் போடும் சிறு கமாவால். அதற்கு அப்பாஸ்ட்ரபி என்று பெயர்.

தமிழில் "மகனுடைய", "மகன்களுடைய" என்றால் காதிலேயே வேறுபாடு தெரியும். ஆங்கிலத்தில் இரண்டும் "சன்ஸ்" என்றே ஒலிக்கும். குறி நிற்கும் இடம்தான் பொருளைச் சொல்லும். சன்’ஸ் என்றால் ஒரு மகனுடைய. சன்ஸ்’ என்றால் மகன்களுடைய.

வழி எளிது. மகன் + கள் + உடைய என்னும் அதே வரிசைதான்.

முதலில் பன்மை ஆக்குங்கள். பெரும்பாலும் எஸ் சேர்த்தால் போதும்: புக், புக்ஸ். எஸ், எக்ஸ், சிஎச், எஸ்எச் என்று முடிந்தால் இஎஸ் சேரும்: பாக்ஸ், பாக்ஸஸ். மெய்யெழுத்தை அடுத்து ஒய் வந்து முடிந்தால், ஒய் போய் ஐஇஎஸ் வரும்: லேடி, லேடீஸ். பாய் என்பதில் ஒய்க்கு முன் உயிரெழுத்து இருப்பதால் பாய்ஸ்தான். சில சொற்கள் உள்ளுக்குள்ளேயே மாறும்: மேன், மென். மதரஸாவில் கிதாப், குதுப் என்று படித்தோமே, அதைப் போல. சைல்ட், சில்ட்ரன் ஆகும். இவற்றை மனப்பாடம் செய்வதே வழி.

அடுத்து உடைமை. பன்மைச் சொல் எஸ்ஸில் முடிந்தால் அதன் பின்னால் குறி மட்டும் போடுங்கள். செப்டம்பர் 5 டீச்சர்ஸ்’ டே. எஸ்ஸில் முடியாவிட்டால் குறி போட்டு எஸ் சேருங்கள். நவம்பர் 14 சில்ட்ரன்’ஸ் டே. சென்னையில் 1915இல் தொடங்கிய விமன்’ஸ் கிறிஸ்டியன் காலேஜ் பெயரிலும் இப்படித்தான்.

வெறும் பன்மைக்குக் குறி வேண்டாம். "டூ புக்ஸ்" என்பதே சரி.

பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி: "மாணவிகளுடைய பைகள்" என்பதை ஆங்கிலத்தில் எழுதுங்கள். கேர்ள்ஸ்’ பேக்ஸ் என்று எழுதியிருந்தால் பாடம் புரிந்துவிட்டது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: மனுவில் எத்தனை பிள்ளைகள், அவர்களின் பெயர், வகுப்பு என்ன என்பதையும் எழுதிவிடுங்கள். குறி தவறினாலும் உதவி தவறாது, இன்ஷா அல்லாஹ்.