சதுப்பும் புதர்நிலமும் – பறவை நோக்குதல் தரும் பாடம்

நிலத்தையும் அதில் வாழும் புள்ளையும் விலங்கையும் ஒருங்குவைத்து எண்ணுவது நம் திணைமரபு. அந்நோக்குடன் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்திலுள்ள மல்ஹூர் என்னும் நிலப்பகுதியைக் காண்போம்.

அது மழை குறைந்த உயர்நிலம். மாசிபத்திரி இனத்தைச் சார்ந்த, சாம்பல்நிற இலைகளையுடைய சேஜ் புதர்களே எங்கும் பரந்துள்ளன. அவற்றின் நடுவே, ஸ்டீன்ஸ் மலையின் பனி உருகி வரும் நீர் ஏரியாகவும் சதுப்பாகவும் தேங்குகிறது. வறண்ட நிலத்தில் அந்நீரை நாடி வாத்துகளும் கூழைக்கடாக்களும் வலசை வருகின்றன.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில், மகளிர் தொப்பிகளை அணிசெய்யும் இறகுக்காக அங்கு வாழ்ந்த வெண்கொக்குகள் சுட்டு வீழ்த்தப்பட்டன. இனப்பெருக்கக் காலத்திலேயே அவ்விறகு வளரும். ஆதலால் தாய்ப்பறவை மடிய, கூட்டிலிருந்த குஞ்சுகளும் பசியால் மடிந்தன. 1908இல் வில்லியம் ஃபின்லி, ஹெர்மன் போல்மன் என்னும் இருவர் புகைப்படக் கருவியுடன் சென்று தேடினர். வெண்கொக்கு ஒன்றையும் கண்டிலர். அவர்கள் எடுத்துரைத்ததன் பயனாக, அவ்வாண்டு ஆகஸ்ட் 18ஆம் நாள் குடியரசுத் தலைவர் தியோடர் ரூசவெல்ட் அவ்விடத்தைப் பறவைப் புகலிடமாக அறிவித்தார். காலப்போக்கில் கொக்குகள் மீண்டன. இருக்க வேண்டியது இல்லாமற் போனதைக் குறித்துக்கொண்ட கண்களே அப்புகலிடத்திற்கு வித்திட்டன.

எனினும், காவல் முடிந்துவிடவில்லை. அயலிலிருந்து புகுந்த கெண்டை மீன்கள் ஏரியின் அடிச்சேற்றைக் கிளறுகின்றன, கலங்கிய நீரில் ஒளி புகாமல் நீர்ப்பூண்டுகள் அழிகின்றன, வாத்துகள் உணவிழக்கின்றன. புதர்நிலத்திலோ, அயற்புல் ஒன்று விரைவில் காய்ந்து தீயைப் பரப்புகிறது. எரிந்த சேஜ் புதர் மீண்டும் துளிர்ப்பதில்லை. விதையிலிருந்தே முளைத்தாக வேண்டும்.

இவ்விரு நிலங்களின் உறவைச் சேஜ் கிரவுஸ் என்னும் கோழியினப் பறவை நமக்கு உணர்த்துகிறது. பனிக்காலத்தில் சேஜ் இலையே அதன் உணவு. கோடையில் பெட்டை தன் குஞ்சுகளைப் பூச்சிகளும் இளந்தழையும் மிகுந்த ஈரப்புல்வெளிக்கு அழைத்துச் செல்கிறது. ஒரு நிலம் கெடின், மற்றொன்று அதனைக் காக்க இயலாது.

இளவேனிற் காலத்து வைகறையில், சேவல்கள் ஆண்டுதோறும் கூடும் திடலில் மார்புப் பையை உப்பி ஆடும். அதனைக் காண விழைவோர் விடியுமுன் சென்று, மறைவில் ஓசையின்றி அமர்ந்து, பறவைகள் கலைந்த பின்னரே எழுதல் வேண்டும்.

மாணவ நண்பர்களே, தொலைநோக்கியினும் முதன்மையான கருவி பொறுமையே. நாளும் இடமும் எண்ணிக்கையும் குறிப்பேட்டில் எழுதுவோம். இன்று நாம் எழுதும் ஒரு வரி, நாளை ஓர் உயிரினத்தின் மறைவை உரிய காலத்தில் உணர்த்தக்கூடும்.