பத்தொன்பதும் இருபத்தெட்டும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

லேப்டாப்பில் 8085 சிப்புக்கு ஒரு சிமுலேட்டர் எழுதுவதாக நேற்று போனில் சொன்னாய். அக்கா நடுவில் புகுந்து உன் அரியரைப் பற்றி ஆரம்பித்ததில் பேச்சு நின்றுபோனது. மிச்சத்தை எழுதிவிடுகிறேன்.

கியூஎமு எமுலேட்டர் மாதிரி, ஆப்கோடுகளைக் கொத்துக் கொத்தாக லேப்டாப்பின் சொந்தக் கட்டளைகளாக மாற்றி ஓட்டப்போவதாகச் சொன்னாய். வேண்டாம். உன் லேப் கிட் ஓடுவது சுமார் 3 மெகாஹெர்ட்ஸில். ஆப்கோடை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு நீளமான ஸ்விட்ச்சில் போட்டாலே லேப்டாப் அதைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். வேகம் உன் பிரச்சினையே இல்லை. ஃபிளாக்தான் பிரச்சினை.

படிக்கிற காலத்தில் நானும் ஒன்று எழுதினேன். கூட்டல், கழித்தல், ஜம்ப், ஸ்டேக் எல்லாம் சரியாக வந்தன. 19ஐயும் 28ஐயும் பிசிடியில் கூட்டிப் பார்த்தால் மட்டும் 41 என்றது. கிட்டில் 47. இரண்டு நாள் தூக்கம் போனது. ஹெக்ஸில் 19ம் 28ம் சேர்ந்தால் 41தான். அதை டிஏஏ கட்டளை திருத்த வேண்டும். கடைசி இலக்கம் ஒன்பதைத் தாண்டினால் 6 கூட்டு என்று மட்டும் எழுதியிருந்தேன். இங்கே கடைசி இலக்கம் 1. ஒன்பதும் எட்டும் சேர்ந்து 17 ஆகி, ஒன்று மேலே போனதை ஆக்சிலரி கேரி நினைவில் வைத்திருக்கும். அது இருந்தாலும் 6 கூட்ட வேண்டும். அந்த ஃபிளாக்கை நான் எழுதவே இல்லை. அதை யார் கேட்கப்போகிறார்கள் என்ற அலட்சியம்.

உன்னுடையது இன்டெல் லேப்டாப் என்றால், 8085 போலவே அதுவும் 8080 வம்சம்தான். அந்தக் கேரி அதற்குள் இன்றும் இருக்கிறது. ஆனால் சி மொழியிலிருந்து அதைத் தொட முடியாது, நீயேதான் கணக்குப் போட வேண்டும்.

சிமுலேட்டர் என்றதும், 1975இல் பால் ஆலன் செய்ததை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு கலங்கும். 8080இல் ஓடும் ஆல்டெர் கம்ப்யூட்டரை அவரும் பில் கேட்ஸும் கண்ணால் பார்த்ததில்லை. ஹார்வர்டில் இருந்த பிடிபி-10இல், 36 பிட் இயந்திரம் அது, 8 பிட் 8080 போல நடிக்கும் நிரலை ஆலன் எழுதினார். கையில் இருந்தது மேனுவல்தான். அந்த நிரலின் மேல்தான் அவர்களுடைய பேசிக் மொழி உருவானது. பேசிக் இருந்த நாடாச் சுருளோடு ஆலன் ஆல்புகெர்க்கிக்குப் பறக்கும்போதுதான், அதை மெமரியில் ஏற்றும் லோடரை எழுத மறந்தது உறைத்தது, விமானத்திலேயே எழுதினார். அங்கே போய் ஆல்டெரிடம் 2ஐயும் 2ஐயும் கூட்டச் சொன்னதும் 4 வந்தது. மேனுவலில் ஒரு வரியைத் தப்பாகப் படித்திருந்தால் சிமுலேட்டரும் பேசிக்கும் ஒரே தப்பைச் செய்து, ஒன்றுக்கொன்று ஒத்துப்போயிருக்கும். நிஜ சிப்பின் முன்னால்தான் குட்டு உடைந்திருக்கும்.

உனக்கும் அதே ஆபத்து உண்டு. இணையத்தில் கிடைக்கும் சிமுலேட்டர்களில் பல 8080க்கு எழுதியவை. அவற்றைப் பார்த்து 8085க்கு எழுதினால் முக்கால்வாசி ஓடும். ஏஎன்ஏ கட்டளையில் மாட்டிக்கொள்வாய். 8085இல் அது ஆக்சிலரி கேரியை எப்போதும் 1 ஆக்கிவிடும். 8080 இரண்டு எண்களின் மூன்றாம் பிட்டைப் பார்த்து முடிவு செய்யும். ஏ ரிஜிஸ்டரில் ஹெக்ஸ் 21ஐ வைத்து, ஏஎன்ஏ ஏ, பிறகு டிஏஏ போடு. 8080 என்றால் 21, 8085 என்றால் 27.

ஒவ்வொரு கட்டளைக்கும் ஆகும் டி-ஸ்டேட்டை இப்போதே எண்ணத் தொடங்கிவிடு. இல்லாவிட்டால் டிலே லூப் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்து, எல்இடி எரிந்ததே தெரியாது.

அடுத்த முறை லேபில் கிட் சும்மா இருந்தால், அந்த ஏஎன்ஏ சோதனையின் மூன்று வரியை அதில் தட்டிப் பார்த்துவிட்டு எனக்கு போன் பண்ணு. அக்கா தூங்கின பிறகு.

அன்புடன்,
மாமா