ஐந்து கணக்கும் ஒரு காப்பும்



சென்ற மாதம் என் தங்கச்சியின் மகன் வவுனியாவிலுள்ள எனது கடைக்கு வந்தான். "மாமா, ஐந்து கொம்பியூட்டர் வாங்கி, ஒரே நேரத்தில் ஐந்து கணக்கில் கேம் விளையாடப் போகிறேன். அதில் சேரும் தங்கத்தைக் காசுக்கு விற்கலாம். உம்மா காப்பைத் தருவதாகச் சொல்லிவிட்டா" என்றான்.

"முதலில் வரவு செலவைப் பார்ப்போம் மகன்" என்றேன். அன்று நாங்கள் பார்த்தவற்றை இங்கே தருகின்றேன். இதே கேள்வியோடு பிள்ளை வந்து நிற்கும் பெற்றோருக்கும் இது உதவலாம்.

2004 இல் வெளிவந்த 'வேர்ள்ட் ஒவ் வோர்கிராஃப்ட்' விளையாட்டில் குகைக்குள் சென்று போரிட ஐந்து பேர் கொண்ட அணி வேண்டும். ஒருவர் அடி தாங்குவார், ஒருவர் காயம் ஆற்றுவார், மூவர் தாக்குவர். சிலர் ஐந்து கணக்குகளைத் திறந்து, ஐவரது வேலையையும் தாமே செய்கின்றனர். ஒரு விசையை அழுத்தினால் ஐந்து கணக்கிலும் அழுத்தியது போலாக்கும் மென்பொருள்களும் வந்தன. இவ்வாறு விளையாடுவோர் உலகெங்கும் குழுக்களாகச் சேர்ந்து நுட்பங்களைப் பகிர்ந்துகொள்கின்றனர். அவர்களில் பலர் ஆசைக்காக விளையாடுபவர்களே.

இதில் வியாபாரி கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, செலவு நிச்சயமானது. அமெரிக்காவில் இதன் மாதச் சந்தா 14.99 டொலர். ஐந்து கணக்குக்கு 74.95 டொலர். வருடத்திற்கு ஏறத்தாழ 900 டொலர். கருவியும் மின்சாரமும் வேறு.

இரண்டாவது, விதி நம்முடையதல்ல. ஒரு விசையால் பல கணக்குகளை இயக்குவதைப் பல வருடங்கள் அனுமதித்த பிளிஸார்ட் கம்பனி, 2020 நவம்பரில் அத்தகைய மென்பொருள்களைத் தடைசெய்தது. 'ஈவ் ஒன்லைன்' விளையாட்டை நடத்தும் ஐஸ்லாந்துக் கம்பனி 2015 ஜனவரி முதலாம் திகதியே இதைத் தடுத்துவிட்டது. பல கணக்கு வைத்திருப்பது குற்றமல்ல. ஒரே விசையால் எல்லாவற்றையும் ஓட்டுவதே குற்றம்.

மூன்றாவது, சரக்கு நமக்குச் சொந்தமல்ல. விளையாட்டில் சேர்ந்த தங்கத்தை வெளியே காசுக்கு விற்பதை இவ்விரு கம்பனிகளும் தடைசெய்துள்ளன. பிடிபட்டால் கணக்கு மூடப்படும். கட்டிய சந்தாவும் செலவிட்ட இரவுகளும் போய்விடும். விதியை ஒப்புக்கொண்டு உள்ளே போய், அதை மறைவாக மீறிச் சம்பாதிப்பது நேர்மையான வியாபாரமும் அல்ல.

பஜார் வீதியில் வாடகைக்குக் கடை எடுப்பவர், அலுமாரி அடிக்க முன்னர் உடன்படிக்கையை வாசிப்பார். என்ன விற்கலாம், எப்போது எழுப்பிவிடுவார்கள் என்று கேட்பார். இணையத்தில் முதல் போடுபவரும் அதையே கேட்க வேண்டும். ஒரு கடையில் இலாபம் காணாதவர் ஐந்து கடை திறந்தால் ஐந்து மடங்காகப் பெருகுவது நட்டமே.

"அப்ப விளையாடவே கூடாதா மாமா?" என்று கேட்டான். "ஒரு கணக்கில் ஆசைக்கு விளையாடு. உழைப்புக்கு வேறு வழி பார்ப்போம்" என்றேன். இப்போது மாலை வேளைகளில் என் கடையின் வரவு செலவைக் கணினியில் பதிந்து தருகின்றான். சம்பளம் சிறிதுதான். ஆனால் தங்கச்சியின் காப்பு அவள் கையிலேயே இருக்கின்றது.