கெட்டிமேளத்துக்கு ஒரு நொடி முன்னால்: மாணவர் குறும்படத்துக்கு எந்த டிரெய்லர், எந்த போஸ்டர்?

திருக்கடையூருக்கு எந்த நாள் போனாலும் மணிவிழா உண்டு. அறுபதாம் கல்யாணம் அவரவர் ஜென்ம நட்சத்திரத்தை வைத்து நடப்பதால் ஆடி, மார்கழி என்ற விலக்கு இங்கே கிடையாது. அமிர்தகடேசுவரர் கோயில் பிராகாரத்தில் ஒரே நேரத்தில் நாலைந்து குடும்பங்கள் ஓமம் வளர்த்து உட்கார்ந்திருக்கும். ஒரு ஜோடிக்குக் கெட்டிமேளம் கொட்டி முடிப்பதற்குள் அடுத்த ஜோடிக்குத் தொடங்கிவிடும்.

அப்படி ஒரு காலையில், கோயில் வாசல் டீக்கடையில் மூன்று மாணவர்கள் என் முன்னால் ஒரு செல்போனை நீட்டினார்கள். பக்கத்துக் கல்லூரி ஒன்றில் விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கிறவர்கள். பதினெட்டு நிமிடக் குறும்படம் முடித்திருந்தார்கள். கையில் இரண்டு டிரெய்லர், இரண்டு போஸ்டர். "எதண்ணே விடறது? ராத்திரிக்குள்ள சொல்லணும்." சென்னையில் எடிட்டிங் அறையில் பல வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன் என்பதால் இப்படி வருவார்கள். அன்று அவர்களிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். டிரெய்லர் முடிவு செய்ய உட்காரும் மற்ற பிள்ளைகளுக்கும் உதவும்.

முதலில் கதை. ஊர் ஊராக வந்து இறங்கும் தம்பதிகளின் அறுபதாம் கல்யாணத்துக்கெல்லாம் வாசிக்கும் ஒரு நாதஸ்வரக்காரர். அன்றைக்கு அவருக்கே அறுபது நிறைகிறது. அது யாருக்கும் தெரியாது, அவர் மனைவியைத் தவிர. அவ்வளவுதான் கதை. இந்த ஊரில் மட்டும் பிறக்கக்கூடிய கதை.

முதல் டிரெய்லர் இரண்டு நிமிடம் பத்து விநாடி. வயல் மேல் பறக்கும் ட்ரோன் ஷாட், கோபுரம், மறுபடி வயல், மெதுவாக நடக்கும் கால்கள், இடையிடையே கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து, அடியில் கனமான பிஜிஎம். கடைசியில் மனைவி கேட்கிறாள்: "இன்னிக்கு உங்களுக்கும் அறுபது. ஞாபகம் இருக்கா?" இரண்டாவது டிரெய்லர் நாற்பத்தெட்டு விநாடி. ஒரே காட்சி. நாதஸ்வரக்காரர் சீவாளியை உதட்டில் வைத்து ஈரப்படுத்திக்கொண்டே புரோகிதரின் கையைப் பார்த்திருக்கிறார். மாப்பிள்ளைப் பெரியவர் தாலியை எடுக்கிறார். புரோகிதரின் விரல் உயர்கிறது. இவர் மூச்சை இழுக்கிறார். அங்கே வெட்டு. படத்தின் பெயர்.

மூன்று பேரில் இருவருக்கு முதலாவது பிடித்திருந்தது. காரணம் புரிகிறது. உழைப்பு அதில்தான் கண்ணுக்குத் தெரிகிறது. ட்ரோன் வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள், விடியற்காலை எழுந்து போயிருக்கிறார்கள். ஆனால் எடுத்த சிரமத்தைப் பார்வையாளனிடம் கணக்குக் காட்டுவது டிரெய்லரின் வேலை இல்லை. டிரெய்லர் என்பது ஒரு வாக்கு. 'இந்தப் படத்துக்கு வந்தால் இது கிடைக்கும்' என்று சொல்கிற வாக்கு. ஆகவே நான் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இந்த வாக்கைப் படம் காப்பாற்றுமா?

முதல் டிரெய்லர் ஒரு பெரிய படத்தை வாக்களிக்கிறது. பார்க்கிறவன் பெரிய படத்தை எதிர்பார்த்து வந்து, நாலு சுவருக்குள் கணவனும் மனைவியும் பாயசம் சாப்பிடுவதைப் பார்ப்பான். காட்சி அருமையாக இருந்தாலும் ஏமாந்த மாதிரிதான் எழுந்து போவான். போதாததற்கு, படத்தின் உயிர்நாடியான மனைவியின் அந்த ஒரு வரியையும் டிரெய்லரிலேயே கொட்டிவிட்டார்கள். பதினெட்டு நிமிடப் படத்தில் ரகசியம் ஒன்றுதான் இருக்கும். அதையும் கொடுத்துவிட்டால் மிச்சம் என்ன?

இரண்டாவது டிரெய்லர் ஒன்றையும் சொல்லவில்லை, ஆனால் எல்லாம் அதில் இருக்கிறது. அடுத்தவர் தாலி கட்டும் நொடிக்காகக் காத்திருக்கும் ஒரு முகம். இழுத்த மூச்சு வெளியே வருவதைக் கேட்க வேண்டுமானால் படத்துக்குத்தான் வர வேண்டும். நான் இதைத்தான் தேர்ந்தெடுத்தேன்.

ஒளிப்பதே நல்ல டிரெய்லர் என்று நினைத்துவிட வேண்டாம். 1960-இல் ஹிட்ச்காக் தன்னுடைய 'சைக்கோ' படத்துக்குச் செய்த டிரெய்லர் ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடும். கதைக் காட்சி எதுவும் இல்லாமல், அவரே அந்த விடுதியையும் வீட்டையும் சுற்றிக்காட்டி, இங்கே இது நடந்தது, அங்கே அது நடந்தது என்று வாயாலேயே ஏகப்பட்டதைச் சொல்லிவிடுவார். கடைசியில் குளியலறைத் திரையை விலக்க, ஒரு பெண்ணின் அலறல். இவ்வளவு சொல்லியும் படத்தின் முடிச்சு அவிழாது. எதைச் சொல்லலாம், எதைச் சொன்னால் படம் செத்துப்போகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. உங்கள் படத்தில் அந்த இரண்டாவது விஷயம் எது என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பிறகு எடிட்டிங்குக்கு உட்காருங்கள்.

நீளத்தைப் பற்றிக் கேட்டார்கள். சட்டம் ஏதும் இல்லை. என் கணக்கில் இருபது நிமிடத்துக்குள் அடங்கும் படத்துக்கு ஒரு நிமிடத்தைத் தாண்டினால் அதிகம். பெரிய படத்தின் இரண்டரை நிமிட டிரெய்லரைப் பார்த்து அளவெடுத்தால், பொம்மைக்கு அப்பாவின் சட்டையை மாட்டின மாதிரி ஆகிவிடும்.

அடுத்தது ஒலி. மாணவர்கள் பெரும்பாலும் கடைசியில் யோசிப்பது இதைத்தான், படம் கெடுவதும் இதில்தான். அவர்கள் முன்னால் மூன்று வழி இருந்தது.

முதல் வழி, பழைய சினிமாப் பாட்டு ஒன்றை அடியில் ஓடவிடுவது. கேட்டதுமே நெஞ்சு உருகும். உருகுவது அந்தப் பாட்டுக்காகவே தவிர உங்கள் படத்துக்காக அல்ல. யூடியூபில் ஏற்றிய கையோடு உரிமைக்காரரின் கோரிக்கையும் வந்து நிற்கும். திரைப்பட விழாக்களுக்கு அனுப்பும்போது இசைக்கு அனுமதி வாங்கியாயிற்றா என்று கேட்பார்கள். இந்த வழி வேண்டாம்.

இரண்டாவது, நாதஸ்வர இசைத்தட்டு. அவர்கள் நினைத்தது திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை. ஆசை நியாயமானது. திருவாவடுதுறை இதே மயிலாடுதுறை மாவட்டம்தான், நாதஸ்வரத்துக்குச் சீவாளி செய்வதில் இன்றைக்கும் பெயர் பெற்ற ஊர். சட்டமும் ஓரளவுக்கு இடம் கொடுக்கிறது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு உரிமை வெளிவந்ததிலிருந்து 60 ஆண்டுகள்தான். பிள்ளை 1956-இல் மறைந்தார். அவர் காலத்தில் வெளிவந்த தட்டுகள் அந்த எல்லையைத் தாண்டிவிட்டன. ஆனாலும் மறுபதிப்புகளை வைத்து யூடியூபின் இயந்திரம் தானாகவே கோரிக்கை எழுப்பக்கூடும். அதைவிட முக்கியமான தடை வேறு. ராஜரத்தினம் பிள்ளையின் நாதம் சக்கரவர்த்தியின் நாதம். இந்தப் படத்தின் நாயகர் பேர் தெரியாமல் வாசித்துவிட்டுப் போகிறவர். அந்த முகத்துக்கு இந்த நாதத்தைப் பொருத்தினால் பொய்யாகிவிடும்.

மூன்றாவது, கோயிலுக்கு வெளியே நின்றால் கேட்கும் சத்தம். ஒரு நாதஸ்வரத்தின் மேல் இன்னொன்று ஏறிக்கொள்ளும் ஒலி, ஓமப் புகைக்கு இருமும் யாரோ, "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்ற குரல். நல்ல மைக்கோடு உள்ளூர்க் கலைஞர் ஒருவருக்கு உரிய சம்பளம் கொடுத்துத் தனியாகப் பதிவு செய்து, அதோடு இந்த இரைச்சலைக் கலந்துகொள்ளலாம். 1968-இல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் சிவாஜியின் விரல்களுக்குப் பின்னால் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் மூச்சு இருந்தது. 1962-இன் 'கொஞ்சும் சலங்கை'யில் காருகுறிச்சி அருணாசலத்தின் மூச்சு. பெரிய கம்பெனிகளே அசல் கலைஞரைத் தேடிப் போயிருக்கின்றன. உங்களுக்கு அவர்கள் கோயில் வாசலிலேயே கிடைக்கிறார்கள்.

போஸ்டருக்கு வருவோம். ஒன்றில் நடிகர்கள் ஐந்து பேரின் முகமும் அடுக்கியிருந்தது, பின்னால் கோபுரம், மேலே சிவப்பு எழுத்து. நடித்தவர்கள் எல்லாரும் நண்பர்கள், உறவுகள். யாருடைய முகத்தை விடுவது என்ற சங்கடத்தில் பிறந்த போஸ்டர் அது. எதிரே வருகிறவனுக்கு அந்த ஐந்து பேரையும் தெரியாது. முகத்தை வைத்து விற்க நட்சத்திரம் வேண்டும். இன்னொன்றில் சுவர் ஆணியில் மாட்டிய நாதஸ்வரம், அதிலிருந்து நூலில் தொங்கும் சீவாளிகள், பக்கத்தில் தினசரி காலண்டரில் கிழிக்காத ஒரு தேதி. வேறு ஒன்றும் இல்லை. இந்தப் போஸ்டரை எந்த ஊர்ச் சுவரிலும் ஒட்டலாம், நின்று பார்ப்பார்கள்.

ஒரு பொருளை நம்பித் தமிழில் குறும்படங்கள் பெரிய படமாகவே வளர்ந்திருக்கின்றன. 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியில் அருண்குமார் எடுத்த 'பண்ணையாரும் பத்மினியும்' ஒரு பழைய பத்மினி காரைச் சுற்றியது. 2014-இல் அதே பெயரில் முழுநீளப் படமானது. அதே ஆண்டு ராம்குமாரின் 'முண்டாசுப்பட்டி'யும் குறும்படத்திலிருந்து வளர்ந்து வந்தது. போட்டோ எடுத்தால் செத்துப்போவோம் என்று நம்பும் ஊர். கதையைச் சொல்ல இந்த ஐந்தாறு வார்த்தை போதும்.

கதைச் சுருக்கத்துக்கும் இதே அளவுகோல்தான். மாணவர்கள் எழுதி வைத்திருந்தது, 'மனித உறவுகளின் ஆழத்தையும் காலத்தின் ஓட்டத்தையும் பேசும் உணர்வுபூர்வமான படைப்பு'. இதை எந்தப் படத்துக்கும் போடலாம். புனே திரைப்பட நிறுவன மாணவர் சிதானந்த நாயக்கின் கன்னடக் குறும்படம் 2024-இல் கான் விழாவின் மாணவர் பிரிவான லா சினெஃபில் முதல் பரிசு வாங்கியது. பதினாறு நிமிடப் படம். ஒரு கிழவி ஊர்ச் சேவலைத் திருடிக்கொண்டு போய்விடுகிறாள், ஊருக்குப் பொழுதே விடியவில்லை. சுருக்கம் என்றால் இப்படி இருக்க வேண்டும். நம் பிள்ளைகளுடையதை அங்கேயே மாற்றினோம்: 'அறுபதாம் கல்யாணங்களுக்கு வாசிக்கும் ஒருவருக்கு இன்று அறுபது'. இதில் ரகசியம் வெளியே வந்துவிடாதா என்று ஒருத்தி கேட்டாள். சரியான கேள்வி. இந்த வரி விழாத் தேர்வாளருக்கு. ஊர்க்காரர் பார்க்கும் போஸ்டரிலும் யூடியூப் பக்கத்திலும் 'இன்று' வரைக்கும் போகவேண்டாம். யாருக்காக எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து ஒரே படத்துக்கு இரண்டு சுருக்கம் வைத்துக்கொள்ளலாம்.

தம்ப்நெயில், ரீல்ஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ரீல்ஸுக்கு அகலப் படத்தை அப்படியே செங்குத்தாக நறுக்கினால் பாதி முகம் போய்விடும். ஒவ்வொரு ஷாட்டையும் தனியாக ஃபிரேம் செய்யுங்கள். எழுத்து தெரிகிறதா என்று லேப்டாப்பில் பார்க்காதீர்கள், டீக்கடை வெயிலில் செல்போனில் பாருங்கள். அன்று அந்த வெயிலில் அவர்களுடைய முதல் டிரெய்லரின் டைட்டில் கார்டு ஒன்றையும் படிக்க முடியவில்லை.

அனுமதி விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருந்தேன். இந்தக் கோயில் தருமபுரம் ஆதீனத்தின் நிர்வாகத்தில் இருப்பது. உள்ளே படமெடுக்க முறையாகக் கேட்டு வாங்க வேண்டும். தமிழகக் கோயில்களுக்குள் செல்போனைத் தடை செய்யச் சொல்லி 2022 டிசம்பரில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவே போட்டது. முதல் டிரெய்லரில் நான்கு விநாடி, நிஜமாகவே மணிவிழாவுக்கு வந்திருந்த ஒரு தம்பதி தெரிந்தார்கள். அந்த அம்மா அழுதுகொண்டிருந்தார். அழகான ஷாட்தான். ஆனால் அவரிடம் யாரும் கேட்கவில்லை. அவர் அழுதது தன் வீட்டாருக்கு நடுவே, நம் கேமராவுக்காக அல்ல. அந்த நான்கு விநாடியை எடுத்துவிடச் சொன்னேன். டிரெய்லர் யூடியூபோடு நின்றால் தணிக்கைச் சான்றிதழ் தேவையில்லை. தியேட்டரில் போடுவதானால் டிரெய்லருக்கும் தனியாக வாங்க வேண்டும்.

நான் தேர்ந்தெடுத்ததையே நம்ப வேண்டாம் என்றும் சொன்னேன். மத்தியானத்துக்குள் கோயிலில் கல்யாணங்கள் முடிந்து, மேளக்காரர்கள் இதே கடைக்கு வருவார்கள். அவர்களில் ஒருவரிடம், ஒன்றும் விளக்காமல் இரண்டு டிரெய்லரையும் போட்டுக் காட்டுங்கள், அவர் முகத்தைப் பாருங்கள், திரையைப் பார்க்காதீர்கள் என்றேன்.

பெரியவர் ஒருவர் தோளில் துண்டோடு வந்து உட்கார்ந்தார். முதலாவதை ஓடவிட்டபோது பாதியில் டீயை ஊதத் தொடங்கிவிட்டார். இரண்டாவதை ஒரு முறை பார்த்துவிட்டு, இன்னொரு முறை போடச் சொன்னார். பிறகு திரையில் நடிகரின் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார்.

"விரல் சரியா இருக்கு தம்பி. மூச்சு எடுக்குறதுதான் தப்பு. கை உயர்ந்தப்பறம் இழுத்தா எட்டாது. புரோகிதர் தாலியத் தொடுறப்பவே நாங்க இழுத்துடுவோம்."

எடிட்டிங் செய்கிற பெண் அப்போதே லேப்டாப்பைத் திறந்தாள். மூச்சிழுக்கும் ஷாட்டை ஒன்றேகால் விநாடி முன்னால் நகர்த்தி, புரோகிதரின் விரல் உயரும் இடத்தில் வெட்டினாள்.

பெரியவர் அதையும் பார்த்தார். "இப்ப வாசிக்கலாம்" என்றார்.