மாஸ்க்குக்குள் ஓர் ஓட்டம்: முதல் வி.ஓ.2 மேக்ஸ் சோதனைக்கு முழுமையான வழிகாட்டி

போன வருடம் என்னிடம் பயிற்சி எடுக்கும் 5,000 மீட்டர் ஓட்டக்காரப் பெண்ணை ஒரு லேப்புக்கு அழைத்துப் போனேன். திரும்பும்போது கையில் ஒரே ஒரு தாள், அதில் ஒரே ஒரு எண்: 54. "இது நல்லதா சார், கம்மியா?" என்று பஸ்ஸில் கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. மற்ற பக்கங்களை லேப்பில் அச்சடித்தே தரவில்லை. கேட்டுக் கேட்டு வாங்க இரண்டு வாரம் ஆயிற்று. அவளுக்கான பதில் அந்தப் பக்கங்களில்தான் இருந்தது. முதல்முறை போகிறவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எதை அளக்கிறார்கள்?

நாம் இழுக்கும் காற்றில் ஆக்சிஜன் சுமார் 20.9 சதவீதம். வெளியே விடும்போது அது 16, 17-க்கு இறங்கியிருக்கும். குறைந்ததை உடல் எடுத்துக்கொண்டது. வேகத்தைக் கூட்டக் கூட்ட இந்த அளவும் ஏறும்; ஓரிடத்தில் வேகம் கூடினாலும் ஆக்சிஜன் கூடாமல் நின்றுவிடும். அந்த உச்சம்தான் வி.ஓ.2 மேக்ஸ். 1920களில் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஏ.வி.ஹில் என்ற விஞ்ஞானி, முதுகில் காற்றுப் பையோடு புல்தரையில் ஓடித்தான் இதைக் கண்டார். இன்று பைக்குப் பதில் மாஸ்க், அவ்வளவுதான்.

நுரையீரல் இழுப்பது, இதயம் இறைப்பது, தசை உறிஞ்சுவது என மூன்றும் சேர்ந்த கணக்கு இது. நன்றாகப் பயிற்சி எடுத்தவர்களில் பெரும்பாலும் முட்டுக்கட்டை நுரையீரல் இல்லை. ஒரு துடிப்பில் இதயம் எவ்வளவு ரத்தத்தைத் தள்ளுகிறது என்பதுதான். "தம் பத்தலை" என்று சொல்லும்போது நெஞ்சைத் தடவுகிறோமே, இடம் சரிதான்.

படி 1: இதயத்துக்கு அனுமதி வாங்குங்கள்

ட்ரெட்மில்லில் ஏறும் முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இதைத் தாண்டிப் போக யாரையும் விடமாட்டேன். 2003 ஜூன் 26 அன்று பிரான்ஸின் லியோன் மைதானத்தில் கேமரூன் கால்பந்து வீரர் மார்க்-விவியன் ஃபோ ஆடிக்கொண்டிருந்தபோதே சரிந்து இறந்தார். வயது 28. இதயத் தசை தடித்துப்போகும் பிறவிக் கோளாறு இருந்தது பிரேதப் பரிசோதனையில்தான் தெரிந்தது. இத்தாலியில் 1982 முதல் போட்டி வீரர்களுக்கு இ.சி.ஜி.யோடு மருத்துவச் சோதனை கட்டாயம்.

மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியவை: ஓடும்போது மயங்கி விழுந்திருக்கிறீர்களா, நெஞ்சு வலித்ததா, படபடப்பு வந்ததா, குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருக்கிறார்களா. "சித்தப்பா கிணத்துல விழுந்து போயிட்டாரு, நல்லா நீச்சல் தெரியும்" என்ற மாதிரி கதைகளையும் சொல்லுங்கள். அதற்குப் பின்னாலும் இதயக் கோளாறு இருந்திருக்கலாம்.

இதற்கு நேர் எதிரான சங்கடமும் உண்டு. வருடக்கணக்காக ஓடுபவரின் இதயம் ஓய்வில் நிமிடத்துக்கு 45 முறைதான் துடிக்கும், அறைகளும் கொஞ்சம் பெரிதாக இருக்கும். வீரர்களைப் பார்த்துப் பழகாத மருத்துவர் பயந்துபோய் ஓடவே கூடாது என்று சொல்லக்கூடும். முடிந்தவரை விளையாட்டு வீரர்களின் இ.சி.ஜி. படித்துப் பழகிய இதய மருத்துவரிடம் போங்கள். சந்தேகம் என்றால் எக்கோ எடுப்பார்கள்.

படி 2: ஊதிப் பாருங்கள்

அடுத்தது ஸ்பைரோமெட்ரி. மூக்கில் கிளிப், வாயில் குழாய், முழு மூச்சையும் ஒரே தள்ளாகத் தள்ள வேண்டும். முதல் நொடியில் எவ்வளவு காற்று வெளியேறுகிறது என்பது முக்கியம். ஓடி முடித்த சில நிமிடங்களில் அந்த அளவு 10 சதவீதமோ மேலோ குறைந்தால், ஓட்டத்தால் மூச்சுக்குழாய் சுருங்குகிறது என்று பொருள். ஓடி முடித்ததும் இருமுகிற பையன்களை "தூசிப்பா" என்று விட்டுவிடுகிறோம். இந்தச் சோதனை செய்தால் தெரிந்துவிடும்.

இந்தச் சுருக்கம் இருந்தால் ஓட்டம் முடிந்தது என்று அர்த்தம் இல்லை. மராத்தானில் உலக சாதனை படைத்த பவுலா ராட்கிளிஃபுக்கே இது சின்ன வயது முதல் உண்டு. மருந்தில் மட்டும் கவனம்: சால்புட்டமால் இன்ஹேலருக்கு ஊக்கமருந்து விதி 24 மணி நேரத்தில் 1,600 மைக்ரோகிராம் வரை, எந்த 8 மணி நேரத்திலும் 600-ஐத் தாண்டாமல் அனுமதிக்கிறது. வாய்வழி சால்புட்டமாலுக்கு அந்த விலக்கு இல்லை. நம் ஊர் இருமல் டானிக் சிலவற்றில் இதே மருந்து இருக்கிறது. லேபிளைப் படிக்காமல் குடிக்காதீர்கள்.

படி 3: முந்தைய நாள்

கடும் பயிற்சி வேண்டாம். காய்ச்சல், சளி இருந்தால் தேதியைத் தள்ளிப் போடுங்கள். வைரஸ் காய்ச்சலோடு உச்சத்துக்கு ஓடுவது இதயத்துக்கு ஆபத்து. சோதனைக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு இரண்டு இட்லி போதும். காபி வேண்டாம். பழகிய ஷூவையே எடுத்துப் போங்கள்.

படி 4: மாஸ்க்

நீங்கள் போகும்போது ஒருவர் பெரிய பிளாஸ்டிக் சிரிஞ்சை இயந்திரத்தில் செருகி இழுத்துத் தள்ளிக்கொண்டிருப்பார். அதன் கொள்ளளவு 3 லிட்டர். காற்றளவு சரியாகப் பதிகிறதா என்று பார்க்கிறார். அளவு தெரிந்த வாயுவையும் செலுத்திச் சரிபார்ப்பார். இதைச் செய்யவில்லை என்றால் கூச்சப்படாமல் கேளுங்கள்.

மாஸ்க் போட்டதும் துளையைக் கையால் மூடி ஊதச் சொல்வார்கள். மூக்கின் ஓரத்தில் காற்று கசிந்தால் உங்கள் எண் குறையும். எங்கள் பெண்ணுக்கு முதலில் கொடுத்தது பெரிய மாஸ்க், கன்னத்தோரம் புஸ்ஸென்றது. அடுத்த சைஸ் மாற்றித்தான் ஏற்றினார்கள்.

படி 5: ஓட்டம்

வார்ம்-அப்புக்குப் பிறகு மணிக்கு 9, 10 கி.மீ. வேகத்தில் தொடங்கி நிமிடத்துக்கு 1 கி.மீ. கூட்டுவது ஒரு முறை. வெளியில் உள்ள காற்றுத் தடையை ஈடுகட்ட 1 சதவீதம் ஏற்றம் வைப்பார்கள். மொத்தம் 8 முதல் 12 நிமிடம். மாஸ்க்கோடு பேச முடியாது. ஓடத் தெம்பிருந்தால் கட்டைவிரல், போதும் என்றால் உள்ளங்கை என முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

முதல் ஐந்து நிமிடம் சும்மா போகும். பிறகு மூச்சு சத்தம் மாஸ்க்குக்குள் எதிரொலிக்கும், எச்சில் வழியும், துடைக்க முடியாது. கடைசி நிமிடத்தில் பக்கத்தில் நிற்பவர் "இன்னும் பத்து செகண்ட், விடாத" என்று கத்துவார். பெரும்பாலோர் இங்கேதான் சீக்கிரம் கையைக் காட்டுகிறார்கள். ஆனால் நெஞ்சு வலி, தலைசுற்றல் என்றால் ஒரு நொடிகூடத் தாக்குப்பிடிக்க வேண்டாம்.

படி 6: தாளைப் படிப்பது

முதலில், நீங்கள் உண்மையிலேயே உச்சத்தைத் தொட்டீர்களா என்று பாருங்கள். வெளியேறும் கார்பன் டை ஆக்சைடை உள்ளே எடுத்த ஆக்சிஜனால் வகுத்தால் கிடைக்கும் விகிதம் 1.10-ஐத் தாண்டியிருந்தால் நல்ல அடையாளம். 1.02-லேயே நின்றிருந்தால் சீக்கிரம் கையைக் காட்டிவிட்டீர்கள்.

அடுத்து எடைக் கணக்கு. 60 கிலோ வீரர் நிமிடத்துக்கு 3.6 லிட்டர் எடுத்தால், கிலோவுக்கு 60 மில்லி. அவர் 57 கிலோவுக்கு இளைத்தால் அதே 3.6 லிட்டர் 63 ஆகிவிடும். இதயம் துளியும் மாறவில்லை. லிட்டர், மில்லி இரண்டு எண்களையும் கேளுங்கள்.

சாதாரண இளைஞருக்கு 40 சொச்சம், உலகத்தர நெடுந்தூர ஆண்களுக்கு 70 முதல் 85. ஆனால் இந்த எண்ணை வைத்து யாரையும் எடை போடாதீர்கள். 1972 மியூனிக் ஒலிம்பிக் மராத்தானில் தங்கம் வென்ற ஃபிராங்க் ஷார்ட்டரின் அளவு 71 தான். ராட்கிளிஃபுக்கு 1992-இலும் 2003-இலும் ஏறத்தாழ அதே 70. மாறியது எதுவென்றால், ஒரே வேகத்தில் ஓட அவருக்குத் தேவைப்பட்ட ஆக்சிஜன். பதினோரு வருடத்தில் அது சுமார் 15 சதவீதம் குறைந்தது. 2003-இல் லண்டனில் 2:15:25 ஓடினார். அதே பெட்ரோலில் அதிக மைலேஜ்.

ஆகவே கேட்டு வாங்க வேண்டியவை இரண்டு: ஒவ்வொரு வேகத்திலும் எவ்வளவு ஆக்சிஜன் செலவானது, மூச்சு எந்த வேகத்தில் எகிறத் தொடங்கியது. மூச்சு எகிறும் அந்த எல்லைக்கு மேல் போனால் நீண்ட நேரம் தாங்காது. பயிற்சி வேகங்களை முடிவு செய்வது அந்த எல்லைதான்.

லேப் எட்டாதவர்களுக்கு

கென்னத் கூப்பர் 1968-இல் வெளியிட்ட 12 நிமிட ஓட்டத்துக்கு டிராக்கும் விசிலும் போதும். ஓடிய மீட்டரிலிருந்து 504.9 கழித்து 44.73-ஆல் வகுங்கள். 2,800 மீட்டர் என்றால் சுமார் 51. கிரிக்கெட்காரர்கள் பேசும் யோ-யோ டெஸ்டில் 16.1 என்ற நிலையை எட்டுவது 1,120 மீட்டர் ஓடுவது; கணக்குப் போட்டால் சுமார் 46. இரண்டுமே மதிப்பீடுதான், ஆனால் அதே மைதானத்தில் திரும்பச் செய்தால் முன்னேற்றம் தெரியும்.

மறுபடி எப்போது?

ஆறு மாதம் கழித்து, அதே லேப், அதே நேரம், அதே ஏற்றம். ஒன்றிரண்டு புள்ளி ஏறி இறங்கினால் அது அளவீட்டில் வரும் சின்ன வித்தியாசம்தான். எங்கள் பெண்ணுக்கு இரண்டாம் முறை 55 வந்தது. "ஒண்ணுதான் சார் ஏறியிருக்கு" என்று முகம் வாடினாள். நான் மூன்றாம் பக்கத்தைத் திருப்பினேன். மூச்சு எகிறும் வேகம் மணிக்கு 14 கி.மீ.யிலிருந்து 14.8 ஆகியிருந்தது. அடுத்த மாவட்டப் போட்டியில் 19:30 ஓடிக்கொண்டிருந்தவள் 18:52-இல் முடித்தாள்.