பசையும் காகிதமும் புழங்கும் வீட்டில் பூச்சித் தொல்லை

சிவகாசி, சாத்தூர், விருதுநகர் வட்டாரத்து வீடுகளில் பூச்சிக்கு இரையாவது அடுப்படி மிச்சம் மட்டுமில்லை. தீப்பெட்டி ஒட்டும் வீட்டில் பசைச்சட்டி இருக்கும். அச்சகத்தோடு தொடர்புள்ள வீட்டில் காலண்டர் அட்டையும் தாள்கட்டும் சுவரோரம் ஏறி நிற்கும். மைதாவோ கிழங்கு மாவோ காய்ச்சிய பசையைக் கரப்பானும் இராமபாணப் பூச்சியும் தேடி வரும். தாள்கட்டைக் கரையான் தேடி வரும்.

பிற ஊர்களில் வழக்கமாகச் சொல்லப்படும் வைத்தியங்களில் பாதி இங்கே உதவாது. வேப்பிலைப் புகை, சாம்பிராணி, கொசுவர்த்திச் சுருள், மூலையில் தெளிக்கும் மண்ணெண்ணெய் எல்லாமே நெருப்போடு தொடர்புள்ளவை. வெடிமருந்து கலக்கும் வேலையை வீட்டில் செய்யச் சட்டம் இடம் தரவில்லை. ஆனாலும் தாள், அட்டை, தீக்குச்சி, பட்டாசு ஆலையிலிருந்து வந்தவரின் உடையில் ஒட்டிய அலுமினியத் தூள் ஆகியவை இருக்கும் அறையில் கங்கு வைப்பது கொசுவைவிடப் பெரிய ஆபத்து. கடையில் விற்கும் அழுத்தக் குப்பி ஸ்பிரேயும் அப்படித்தான். அதன் உந்துவாயு பெரும்பாலும் எளிதில் தீப்பற்றும். ஆகவே இந்த வட்டாரத்துக்கு ஏற்றது தீயில்லாத முறை. அது செலவும் குறைந்தது.

முதலில் கவனிக்க வேண்டியது பசை. அன்றன்றைக்குத் தேவையான அளவே காய்ச்சி, மிஞ்சியதை மூடி வைத்து, தரையில் சிந்தியதை ஈரத்துணியால் அன்றிரவே துடைத்துவிட்டால் கரப்பான் தொல்லை பெருமளவு குறையும். பசையில் சிறிது மயில்துத்தம் சேர்ப்பது பழைய வழக்கம். பூச்சியும் பூஞ்சணமும் அண்டாமலிருக்க அது உதவுகிறது. ஆனால் அது நஞ்சு. அலுமினியப் பாத்திரத்தை அரித்தும் விடும். அதற்கென்று ஒரு மண்சட்டியைத் தனியே ஒதுக்கி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைப்பது கட்டாயம்.

மிஞ்சும் கரப்பானுக்குப் போரிக் பவுடர் போதும். வாணம் செய்பவர்களுக்கு இது புதிதல்ல. அலுமினியத் தூள் கலவை சூடேறாமலிருக்க ஆலைகளிலும் இதைச் சேர்ப்பதுண்டு. ஒரு பங்கு போரிக் பவுடர், ஒரு பங்கு சர்க்கரை, இரண்டு பங்கு மைதா சேர்த்துப் பிசைந்து, சுண்டைக்காய் அளவு உருட்டி, அலமாரிக்குப் பின்னும் கழுவுதொட்டிக்கு அடியிலும் வைக்க வேண்டும். காய்ந்து இறுகிய உருண்டையைக் கரப்பான் சீண்டாது. அவ்வப்போது மாற்றுவது நல்லது. தூளாகத் தூவுவதென்றால் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியதாகத் தூவ வேண்டும், குவித்து வைத்தால் சுற்றிக்கொண்டு போய்விடும். பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும். இரண்டாம் நாளே பொறுமை இழந்து ஸ்பிரே வாங்குகிறவர்கள்தான் அதிகம். எறும்புக்கு அளவு வேறு: 100 மில்லி சர்க்கரைத் தண்ணீரில் 1 கிராம். அதைவிடக் கூடினால் எடுத்துச் செல்லும் எறும்பு வழியிலேயே செத்துவிடும், புற்றுக்குள் நஞ்சு போய்ச் சேராது. குழந்தையோ நாயோ எடுத்துத் தின்னக்கூடிய இடத்தில் இவற்றை வைக்கவே கூடாது. சுவரில் திரியும் பல்லியை விரட்டாமல் விடுவதும் ஒரு கட்டுப்பாட்டு முறைதான்.

இராமபாணப் பூச்சி இருட்டையும் அசையாத அடுக்கையும் விரும்பும். தாள்கட்டை மாதம் ஒருமுறை புரட்டி அடுக்கினாலே அது குறையும். தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்தில் வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை ஆகியவற்றைப் பொடித்துக் கற்பூரம் சேர்த்துத் துணி முடிச்சாக ஏடுகளுக்கிடையே வைப்பது நெடுநாள் வழக்கம். வீட்டில் வசம்புப் பொடி முடிச்சு மட்டும் வைத்தால்கூட ஓரளவு பயனுண்டு. கற்பூரம் எளிதில் தீப்பற்றும் என்பதால் இங்கே அதை விட்டுவிடலாம்.

கரையான் விஷயத்தில் வீட்டு வைத்தியத்துக்கு எல்லை உண்டு. தாள்கட்டைத் தரையில் வைக்காமல் செங்கல்லின்மேல் பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அடுக்கினால், கரையான் மண்பாதை கட்டி ஏறுவது உடனே கண்ணில் படும். பாதையைச் சுரண்டிவிட்டு, அது தொடங்கும் விரிசலைச் சிமெண்டால் அடைத்து, ஒழுகும் குழாயைச் சரிசெய்ய வேண்டும். கரிசல் மண் வெயிலில் வெடித்து மழையில் உப்புவதால் இவ்வட்டாரச் சுவர்களில் விரிசல் ஓயாது. வேப்பெண்ணெய் பூசினால் தற்காலிகமாக விலகிப் போகும். நிலைக்கதவுக்குள்ளேயே புகுந்துவிட்டால், இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 6313 முறைப்படி அஸ்திவாரத்தைச் சுற்றி மருந்து செலுத்துவதே வழி. அங்கே சிக்கனம் பார்த்தால் கதவுதான் போகும்.

விருதுநகர் பருப்புச் சந்தை பெயர் பெற்றது. தானிய வண்டைத் தடுப்பதும் இங்கே பழகிய கலை. முழுத் துவரைக்குச் செம்மண் குழம்பு பூசிக் காயவைக்கும் வழக்கத்தால், வண்டு முட்டையிட இடமில்லாமல் போகிறது. சிறிய வீட்டுக்கு அது வேண்டாம். முழுப் பயறாக வாங்கினால் ஒருநாள் வெயிலில் காயவைத்து, கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி ஆமணக்கெண்ணெய் தடவி, ஈரமில்லாத டப்பாவில் அடைத்தால் மாதக்கணக்கில் தாங்கும். உடைத்த பருப்பில் பயறு வண்டு அவ்வளவாகப் பெருகுவதில்லை. நொச்சி, வேப்பிலை, மிளகாய் வற்றல் போடுவதெல்லாம் இதற்கு அடுத்தபடிதான்.

இனி கொசு. மழை குறைந்த மாவட்டம் என்பதால் கொசு குறையும் என்று நினைத்தால் தவறு. குழாயில் தண்ணீர் வரும் நாளில் டிரம், தொட்டி, குடம் என்று எல்லாவற்றிலும் பிடித்து வைக்கும் வீட்டில்தான் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு வளர்கிறது. அதற்குச் சாக்கடை வேண்டாம், நல்ல தண்ணீரே போதும். முட்டை கொசுவாகப் பறக்க இந்த வெயிலில் ஒரு வாரத்துக்குச் சற்று மேல் ஆகும். அதனால்தான் வாரம் ஒருமுறை தொட்டியைக் காலி செய்யச் சொல்கிறார்கள். காலி செய்தால் மட்டும் போதாது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பக்கச் சுவரில் ஒட்டிய முட்டை, காய்ந்த நிலையிலேயே பல மாதம் உயிரோடு இருந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். பிரஷ்ஷும் பிளீச்சிங் பவுடரும் கொண்டு தேய்ப்பதுதான் உண்மையான வேலை. பிறகு பழைய வேட்டித் துணியால் இறுக மூடிக் கட்டினால் போதும். காலி செய்ய முடியாத பெரிய தொட்டியில் கப்பி மீன் விடலாம். எலுமிச்சைப்புல் எண்ணெய் வகைகள் சிறிது நேரமே தாங்கும். அவற்றை நம்பித் தொட்டியைத் திறந்து வைக்கக் கூடாது.

மூட்டைப்பூச்சிக்குக் கொதிநீர். கயிற்றுக் கட்டிலின் பின்னல், கட்டில் மூட்டு, சட்ட இடுக்கு எல்லாவற்றிலும் ஊற்ற வேண்டும். மெத்தையை வெயிலில் போட்டால் மேற்புறம் மட்டுமே சூடேறும். நடுவில் இருப்பவை பிழைத்துக்கொள்ளும்.

எலிக்குப் பொறி. மசால்வடையும் கருவாடும் இன்றும் நல்ல இரைதான். முதல் சில நாள் பொறியை விசைக்காமல் இரை மட்டும் வைத்துப் பழக்கினால் கூச்சம் போய்ச் சிக்கும். சுண்டெலி 6 மில்லிமீட்டர் இடுக்கிலும் நுழையும். கதவடி இடைவெளிக்குத் தகரம் அடித்து, வளையைக் கண்ணாடிச் சில் கலந்த சிமெண்டால் அடைக்க வேண்டும். எலி விஷப் பசையை வீட்டில் வைக்கவே கூடாது. தீப்பெட்டி செய்பவர்களின் தாடை எலும்பை அரித்ததால் வெள்ளைப் பாஸ்பரசைத் தீக்குச்சியில் பயன்படுத்த இந்தியாவில் 1913-லேயே சட்டம் தடை விதித்தது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் கற்றுவந்து சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கியது அதற்குப் பின்னர்தான். அந்தப் பாஸ்பரசே மஞ்சள் பாஸ்பரஸ் என்ற பெயரில் எலி விஷப் பசையில் பல்லாண்டு கடைகளில் விற்றது. அதைத் தின்றவர்களின் கல்லீரல் செயலிழந்து நேர்ந்த சாவுகளைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு அதன் விற்பனைக்குத் தடை விதித்தது. பெட்டிக்கடையில் யாராவது நீட்டினாலும் வாங்கக் கூடாது.

பொறியில் சிக்கிய எலியை வெறுங்கையால் தொடாமல் பாலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு எடுத்துப் புதைத்துவிட வேண்டும். அதன் சிறுநீர் பட்ட இடத்தைப் பிளீச்சிங் தண்ணீரால் கழுவினால் எலிக்காய்ச்சல் பரவும் வாய்ப்பும் குறையும்.